செத்தவீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிற்றார்

லண்டன்காரன் போன் எடுத்தபோது நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், எங்கடை றெக்கோட் திரும்ப வருகுதடா!"

"திரும்ப வருகுதோ? போனதே எனக்குத் தெரியாது" என்றேன், வாய் நிறைய நுரையோடு.

லண்டன்காரன் என் இளமைக்கால நண்பன். அவனும் நானும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து நாற்பது வருடங்களுக்கு முன்பு ஓர் இசைத்தட்டுப் போட்டோம். கொழும்பில் சில நூறு பிரதிகள் அடித்துத் தந்தார்கள். பாதியை உறவினர்களுக்குச் சும்மா கொடுத்தோம். அவர்கள் அதன்மேல் சுடுசட்டியை இறக்கி வைத்தார்கள். மிச்சம் போன இடம் தெரியாது. இடம்பெயர்வுகளில் வீட்டுக் கூரைகளே போய்விட்டன, இசைத்தட்டை யார் தேடுவது? அவற்றில் ஒன்று எப்படியோ ஐரோப்பாவில் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு சின்னக் கொம்பனிக்காரனின் கையில் அகப்பட்டிருக்கிறது. அவன் அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லையாம். நாங்கள் போட்ட காலத்தில் கேட்டவர்கள் எல்லோரும் நித்திரை கொண்டார்கள்.

இப்போது அந்தக் கொம்பனி அதைத் திரும்பவும் தடித்த கறுப்புத் தட்டாக அடிக்கப் போகிறதாம். புது உறை, புது அட்டை, உள்ளே ஒரு நீண்ட கட்டுரை. கட்டுரையை லண்டன்காரன் என் போனுக்கு அனுப்பியிருந்தான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவன். இங்கிலீசு ஓரளவு ஓடும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க, இது யாருடைய இசைத்தட்டு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்கு துணிச்சலான இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையையும், தேவாலயக் கீதத்தையும், பைலா ஆட்டப்பாட்டையும், கோயில் தவிலையும் ஒன்றாகக் கலந்து ஒரு புது வழி கண்டார்களாம். அந்தக் காலத்துக் கிற்றார் இசையில் எங்குமே இல்லாத ஒரு மென்மை இதில் இருக்கிறதாம். ஒவ்வொரு தந்தியையும் அனுமதி கேட்டுத்தான் தொடுகிறார்களாம். பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு மீனவக் குடிசையில் இது பதிவு செய்யப்பட்டதாம். கடைசிப் பாட்டில் பின்னணியாக வரும் பெண்குரல்கள் அலைகளைப் போல எழுந்து விழுகின்றனவாம். அந்தக் குரல்களுக்கு நடுவே தனித்து ஒலிப்பவர் பெயர் தெரியாத ஒரு மகத்தான பாடகியாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"எடேய், ஆரடா குடிசை எண்டு சொன்னது?"

"நான்தான். நெல்லியடியிலை ஒரு வங்கிக்காரற்றை வீட்டு அறை எண்டு சொன்னால் எந்த வெள்ளைக்காரன் வாங்குவான்? நீ சும்மா இரு."

"அப்ப அந்தப் பெயர் தெரியாத பாடகி?"

அவன் குரலைத் தாழ்த்தி, "அதுதான் மச்சான், உன்னட்டை ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றான்.

அவன் என்ன கதைக்கப் போகிறான் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பல் விளக்கிய வாயைக்கூட நான் இன்னும் கொப்பளித்திருக்கவில்லை.

முதலில் அந்தக் கலப்பு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விசயம். நாங்கள் எதையும் துணிந்து கலக்கவில்லை. லண்டன்காரன் சிற்றலை வானொலியில் அமெரிக்கச் சோல் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, சொல் விளங்காமலே மூக்கால் பாடுவான். நான் பள்ளிக்கூடத் தேவாலயமான சப்பலில் கீதங்களுக்குக் கிற்றார் அடிக்கப் பழகியவன். எனக்குத் தெரிந்தது அந்த மூன்று நாலு பிடிகள்தான். பேஸ் கிற்றார்காரன் கொழும்பில் ஒரு கலியாண வீட்டுப் பாண்டுக் குழுவில் இருந்து வந்தவன், அவனுக்குப் பைலாவைத் தவிர ஒன்றும் வராது. டிரம்ஸ்காரனோ தவில் பழகப் போய் அடிவாங்கித் திரும்பி வந்தவன். நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தோம். அதற்குப் பெயர்தான் புது வழி.

அந்த மென்மை விசயம்தான் பெரியது.

நெல்லியடியில் டிரம்ஸ்காரனின் மாமா ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தார். வங்கியில் வேலை. அந்த வீட்டு உள்ளறையில்தான் பதிவு. கொழும்பில் இருந்து ஒரு ரெக்னீசியன் தன் சொந்தக்காரர் கலியாணத்துக்கு வந்தபோது, பெரிய ஒலிப்பதிவு ரேப் மெஷின் ஒன்றையும் கூடவே கொண்டுவந்திருந்தான். எங்களுக்கு ஒரு பகல் தருவதாகச் சொன்னான். அடுத்த நாள் காலை ரயிலில் மெஷினோடு போய்விடுவான். நாங்கள் மூன்று மாதம் பயிற்சி செய்து அந்த ஒரு பகலுக்காகக் காத்திருந்தோம்.

அந்தப் பகல் விடிந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனார்.

யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டில் பிரேதம் கிடக்கும்போது வானொலிப் பெட்டியைக்கூடத் திருகமாட்டார்கள். அடுப்பு மூட்டமாட்டார்கள். குழந்தை சிரித்தால்கூட வாயைப் பொத்துவார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு ஆட்கள் இருக்கக் கதிரை தூக்கப் புறப்பட்டார். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்.

"சத்தம் கித்தம் கேட்டுதோ, நாலு பேரின்ரை தோலையும் உரிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியாதையாக நாங்களும் பின்னால் போயிருக்க வேண்டும். நாலு இளந்தாரிகள், பந்தல் போட, கதிரை அடுக்க, தேத்தண்ணீர் கொடுக்க ஆள் தேவைப்படும் நேரம். ஊர் வழக்கம் அதுதான். நாங்கள் போகவில்லை. கதவைச் சாத்தினோம். யன்னல்களுக்கு மெத்தையைச் சாத்தி வைத்தோம். டிரம்ஸ்காரன் தன் டிரம்மை இடுப்பில் கட்டும் சாரத்தால் சுற்றிக் கட்டினான். அம்பிளிபயரை அநேகமாக அணைத்தே விட்டோம். லண்டன்காரன் பிள்ளையைத் தாலாட்டுகிறவன் மாதிரிக் காற்றாகப் பாடினான். நான் ஒவ்வொரு தந்தியையும் பயந்து பயந்து தொட்டேன். அனுமதி கேட்டுத் தொட்டார்களாம்! யாரிடம் அனுமதி? மாமா வந்து தோலை உரித்துவிடுவாரோ என்ற பயம், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மனிசன் சாகாமல் இருந்திருந்தால் எங்கள் இசைத்தட்டு காது கிழிகிற குத்துப் பாட்டாக வந்திருக்கும். எந்த வெள்ளைக்காரனும் அதைத் தேடியிருக்கமாட்டான்.

இதில் எங்கள் மண்டைக்கு எட்டாத ஒரு விசயம் இருந்தது. எங்கள் சத்தம் வெளியே போகாமல் எல்லாம் செய்தோம். வெளிச் சத்தம் உள்ளே வரும் என்பதை ஒருத்தனும் யோசிக்கவில்லை. செத்தவீட்டில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும், வந்திறங்கிய பெண்கள் தலையிலடித்துக்கொண்டு உள்ளே ஓட, அழுகை மேலே எழும். பிறகு கொஞ்சம் அடங்கும். அடுத்த கார் வர, திரும்பவும் எழும். அலையாம், அலை! தூரத்துத் தாளத்தில் ஆபிரிக்கா கேட்கிறது என்றும் கட்டுரையில் ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அது செத்தவீட்டுப் பறை.

பழைய தட்டில் இதெல்லாம் ஈ பறக்கிற மாதிரிக் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஊசியின் கரகரப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது கொம்பனிக்காரன் புது மெஷினில் போட்டுக் கழுவி, அடியில் கிடந்ததையெல்லாம் மேலே எடுத்துவிட்டான். லண்டன்காரன் என்னிடம் கதைக்க இருந்தது இதைத்தான்.

"இதுக்கு ஏன் நீர் பயப்பிடவேணும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

அந்தப் பதிவு நடந்து இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். நான் அச்சுவேலிக்காரன். சாதகம் பொருந்தி, பெண் பார்க்க என்னை நெல்லியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியபோதே எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது. மாமா இருந்த வீட்டைத் தாண்டி, அடுத்த படலையில் கார் நின்றது. பெண்ணின் தாய், பிறகு எனக்கு மாமியானவ, வெள்ளைச் சேலையோடு வந்து வரவேற்றா. பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அவளைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, சரியாகப் பிடித்துவிட்டது.

அப்போதுதான் யாரோ பெண்ணின் தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள். மாமி பக்கத்து மதிலைக் கையால் காட்டினா.

"அவர் செத்துக் கிடக்கேக்கை உந்த வீட்டிலை நாலு காவாலியள் கிற்றார் அடிச்சவங்கள். கோதாரி விழுவாங்கள். பந்தலுக்கு ஒரு கை குடுக்க வரேல்லை. என்ரை பிள்ளை யன்னலடியிலை படுத்திருந்து எல்லாத்தையும் கேட்டவள்."

பெண் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், எனக்கு வடிவாக் கேட்டது" என்றாள். அதுதான் அவள் என் முன்னால் பேசிய முதல் வசனம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். ஊர் திரும்பியதும் கிற்றாரை விற்றேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டினேன். கலியாணமும் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சீதனமாகக் கிடைத்தது அதே வீடு. முப்பத்தெட்டு வருடமாக நான் குடியிருப்பது அந்தச் செத்தவீட்டில்தான்.

வாடகைக்கு இருந்த மாமா எங்கள் கலியாணத்துக்கு முன்னமே மாற்றலாகிப் போய்விட்டார். டிரம்ஸ்காரன் காலமாகிவிட்டான். பேஸ்காரன் கனடாவில் எங்கேயோ. அந்த வீடு இப்போது ரியூசன் சென்ரர். அங்கே ஒரு மாஸ்ரர் ஒலிவாங்கி வைத்து இரசாயனவியல் படிப்பிக்கிறார். அந்த அறையில் இருந்து எங்கள் விறாந்தைக்கு எவ்வளவு துல்லியமாகச் சத்தம் வரும் என்பதைப் பத்து வருடமாகக் காதால் கேட்டு அறிந்திருக்கிறேன். ஆவர்த்தன அட்டவணை எனக்குப் பாடம்.

வருடா வருடம் மாமனாரின் திவசம் வரும். மனைவி வாழையிலையில் பரிமாறிக்கொண்டே தொடங்குவாள்.

"எங்கடை ஐயா கிடக்கேக்கை கிற்றார் அடிச்சவங்கள். அவங்கள் எங்கை உருப்பட்டிருக்கப் போறாங்கள்?"

"ஓம்" என்பேன் நான், வடையைக் கடித்துக்கொண்டு.

"மனிசராய்ப் பிறந்தவங்கள் செய்வாங்களே?"

"செய்யமாட்டாங்கள்."

"நீங்கள் எண்டால் செய்வியளே?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பாயாசம் வேண்டும் என்று சொல்லித் தப்பிவிடுவேன். முப்பத்தெட்டுத் திவசம். கணக்கில்லாத வடை. கிற்றார் அடித்ததை அவள் ஒருவேளை மன்னிக்கக்கூடும். பக்கத்தில் இருந்து இத்தனை வருடம் ஓம் ஓம் என்று தலையாட்டியதை எப்படி மன்னிப்பாள்? எனக்கு அந்தப் பயம்தான். வயது போகப் போக அது கூடியதே தவிரக் குறையவில்லை.

லண்டன்காரன் புதுப் பதிவை எனக்குப் போனில் அனுப்பினான். நான் காதில் வயரைச் செருகிக்கொண்டு, கக்கூசுக்குள் போய்ப் பூட்டிவிட்டுக் கேட்டேன். கடைசிப் பாட்டு, கிற்றார் மட்டும்தான், பாட்டுச் சொல் கிடையாது. முதலில் என்னுடைய அந்தக் கீதப் பிடிகள். பிறகு அழுகை எழும்பியது. பிறகு ஒரு குரல் தனியாக வந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு செத்துப்போன மாமியின் குரல். அதை எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் என்னை "தம்பி, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்ட குரல். அதற்குப் பின்னால் ஒரு பெட்டைப்பிள்ளை "ஐயோ என்ரை ஐயா" என்று கத்தினாள். அது என் மனைவி. மேலே கேட்கத் துணிவில்லாமல் அப்படியே நிறுத்திவிட்டேன்.

சரி, இசைத்தட்டு வந்தால் தபால் கந்தோரிலேயே மறித்துவைக்கலாம் என்று திட்டம் போட்டேன். முந்தி எனக்குக் கீழே வேலை செய்த பையன்தான் இப்போது அங்கே பெரியவர். சொல்லியும் வைத்தேன். முப்பது வருடம் தபால் பிந்துகிறது என்று ஊரெல்லாம் என்னை ஏசியது. அந்த ஒரு பார்சல்தான் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், நான் வீட்டில் இல்லாதபோது, மனைவியின் கையில் வந்து சேர்ந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றாள். அட்டைப்படத்தில் நாங்கள் நாலு பேரும் பருத்தித்துறைக் கடற்கரையில், தோள்வரை மயிரும் கூடாரம் போன்ற காற்சட்டையுமாக நிற்கிறோம்.

"உது நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"கிற்றார் அடிச்சனீங்களோ?"

"கொஞ்ச நாள்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாசல் கூட்டும் தடி எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது. அவளோ சிரித்துவிட்டாள்.

"எட, இத்தினை வருசமா ஒரு சொல்லுச் சொன்னியளே? வெளிநாட்டிலை இருந்து றெக்கோட் வருகுது, நான் ஒரு விசரி மாதிரி இருந்திருக்கிறன். எங்கை பதிஞ்சது?"

"பருத்தித்துறையிலை. கடற்கரைக் குடிசை" என்றேன். லண்டன்காரனின் பொய்க்கு நான் வாழ்க்கையில் முதன்முறையாக நன்றி சொன்னேன்.

அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்காரனுக்குக்கூட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவள் பெருமைப்படப் பெருமைப்பட நான் கிணற்றடிக்குப் போய் ஒளிந்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

இதற்கிடையில் லண்டன்காரன் நேரிலேயே வந்து இறங்கினான். தலையில் தொப்பி, கழுத்தில் மணிமாலை, கையில் பெட்டிபோல ஒரு சின்ன றெக்கோட் பிளேயர். வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்ததும், மௌனம்தான் தன் இசையின் வேர் என்றான். மாமாவுக்குப் பயந்த கதையை மறந்துபோனானாக்கும். பருத்தித்துறையில் ஒரு மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைக்கப் போவதாகவும், அங்கே ஒலிபெருக்கியில் இசைத்தட்டை முழுக்கப் போட்டுக் காட்டப் போவதாகவும் சொன்னான்.

"கடைசிப் பாட்டை விட்டிடு" என்று அவனைப் படலையடிக்குக் கூட்டிப்போய்க் கெஞ்சினேன்.

"விசரோடா? அதுதான் எல்லாரும் கேக்கிற பாட்டு. அவவுக்கு எங்கை தெரியப்போகுது?"

"அவவின்ரை தாய்டை குரலடா!"

"நாப்பது வருசம் மச்சான். ஆர் ஞாபகம் வைச்சிருப்பினம்?" என்றான். மற்றப் பாட்டுகளைத் தான் எந்தச் சுருதியில் பாடினான் என்பதையே மறந்தவன் இதைச் சொன்னான்.

விழா நாள் வந்தது. மனைவி கூறைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டி முன் வரிசையில் இருந்தாள். நான் நேரக் கண்காணிப்பாளன். எங்கள் ஊர் மேடைகளில் பேச்சாளர் நேரம் கடந்தால் ஒரு துண்டுக் கடதாசியில் 'முடிக்கவும்' என்று எழுதி அனுப்புவார்கள். அந்தத் துண்டு அனுப்பும் வேலை எனக்கு. மண்டபத்தை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு ஒரு பெண் பெரியவளான சாமத்தியவீட்டுக்காரர் அலங்காரத்துக்கு வருகிறார்கள். எனக்குக் கடவுள் காட்டிய வழி அதுதான்.

மங்கல விளக்கேற்றல். தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை. தலைமையுரை. ஆசியுரை இரண்டு. வெளியீட்டுரை. முதற்பிரதி பெற்ற வர்த்தகப் பிரமுகர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, "உது எந்த ரீவியிலை வேலை செய்யும்?" என்று என் காதுக்குள் கேட்டார். பிறகு நயப்புரை. நயப்புரைக்காரர் ஒரு தமிழ் ஆசிரியர், இசைத்தட்டை அவர் கேட்டதில்லை. அதை மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். கேட்காததால்தான் நடுநிலையாக மதிப்பிட முடிகிறது என்றார். சங்க காலத்து யாழில் தொடங்கினார். ஐந்தேகால் மணிக்கு அவர் இன்னும் பல்லவர் காலத்துக்கு வரவில்லை. லண்டன்காரன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தான். நான் ஒரு துண்டுக் கடதாசி எடுத்தேன். 'மிக அருமை. நேரம் இருக்கிறது, தொடருங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

வாசித்துவிட்டு அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். தன் பேச்சு வாழ்க்கையில் இப்படி ஒரு துண்டு வந்ததில்லை என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். சங்க காலத்தைத் திரும்பவும் ஒருமுறை முதலில் இருந்து தொடங்கினார். யாழ்ப்பாணத்து நீண்ட பேச்சுகளை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு அவருடைய காலில் விழுந்து கும்பிடத் தோன்றியது. ஏற்புரையும் நன்றியுரையும் முடிய ஐந்து ஐம்பத்தைந்து. சாமத்தியவீட்டுக்காரர் வாழைமரத்தோடு வாசலில் நின்றார்கள். இசைத்தட்டு வெளியீட்டு விழாவில் இசைத்தட்டு ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. ஒருத்தரும் அதைக் குறையாகச் சொல்லவுமில்லை. வடையும் கோப்பியும் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

நான் பஸ்ஸில் வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் லண்டன்காரன் கொழும்புக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தான். அந்த றெக்கோட் பிளேயரை என் மனைவியின் கையில் கொடுத்து, "அக்கா, உங்களுக்கு என்ரை அன்பளிப்பு" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினான். அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"இஞ்சருங்கோ, அவ்வளவு பேர் கதைச்சினம். ஒரு ஆள் போட்டுக் காட்டேல்லை. நீங்கள் போடுங்கோ, கேப்பம்" என்றாள் மனைவி. கீரையும் சுளகுமாக விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள்.

"கரண்ட் நிண்டிடும் போலை கிடக்குது."

"நிக்கேக்கை பாப்பம்."

"ஊசி தேய்ஞ்சிடும்."

"புது ஊசி. எனக்கு விசர்க் கதை கதையாதையுங்கோ. போடுங்கோ."

போட்டேன். முதல் பக்கம் ஓடியது. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மூன்றாவது பாட்டில் ஒரு கொட்டாவி விட்டாள். "வடிவாத்தான் இருக்குது, நித்திரை வருகுது" என்றாள். அந்த இசைத்தட்டைப் பற்றி வந்த மதிப்பீடுகளில் நேர்மையானது அது ஒன்றுதான். தட்டை மறுபக்கம் திருப்பினேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஊசியைத் தூக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"விடுங்கோ. முடியட்டும்."

அவள் சொன்ன பிறகு என் கை அசையவில்லை. கிற்றார் தொடங்கியது. கொஞ்சம் போக, தூரத்தில் பறை. பிறகு அழுகை எழும்பியது. கீரை ஆய்ந்த கை நின்றது. மாமியின் குரல் விறாந்தையில் தெளிவாக வந்தது. பிறகு அந்தப் பெட்டைப்பிள்ளை, "ஐயோ என்ரை ஐயா."

அவள் தலையை நிமிர்த்திப் பக்கத்து மதிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டு முடிந்து ஊசி கரகரவென்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"பருத்தித்துறைக் குடிசை."

"பொய். உந்த அறைதான்." மதிலைக் காட்டினேன். "பொம்பிளை பாக்க வந்தண்டைக்கே சொல்லியிருக்கவேணும். நீர் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயந்தனான். பேந்து ஒவ்வொரு திவசத்துக்கும் பயந்தனான்."

அவள் சுளகை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். அடி விழுமோ, அழுவாளோ, எழும்பித் தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமிக்கு வீடியோக் கமராவைக் கண்டாலே பிடிக்காது, அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துவிடுவா. படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. அவவின் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நான் என்னைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மா என்ன சொல்லுறா எண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை. பயத்திலை வடிவாக் கேக்கேல்லை."

"எனக்கும் மறந்துபோச்சு. இப்பதான் கேட்டன்." அவளுடைய குரல் உடைந்தது. "என்ரை துரையே, உங்கடை பிள்ளையை நான் இனி ஆரின்ரை கையிலை பிடிச்சுக் குடுப்பன் எண்டு கேக்கிறா."

நான் மதிலைப் பார்த்தேன்.

"அவ அழுதழுது கேக்கிறா. நீங்கள் மதிலுக்கு அங்காலை இருந்து ஒண்டும் தெரியாத மாதிரிக் கிற்றார் அடிக்கிறியள்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "காவாலி."

பிறகு இசைத்தட்டின் உறையை எடுத்தாள். கட்டுரையில் பெயர் தெரியாத பாடகி என்று இருந்த இடத்தை எனக்குக் காட்டச் சொன்னாள். காட்டினேன். என் சட்டைப் பையில் இருந்த பேனையை இழுத்தெடுத்து அந்த வரியை வெட்டினாள். மேலே தமிழில் 'எங்கடை அம்மா' என்று எழுதினாள்.

"திருப்பிப் போடுங்கோ" என்றாள்.

நான் ஊசியைத் தூக்கிய நேரம் பார்த்து, பக்கத்து ரியூசன் சென்ரரில் ஒலிவாங்கி அலறத் தொடங்கியது. மாஸ்ரர் அமிலத்தையும் காரத்தையும் பற்றிக் கத்தினார். மனைவி எழும்பி மதிலடிக்குப் போனாள்.

"மாஸ்ரர்! கொஞ்ச நேரம் உதை நிப்பாட்டுங்கோ. இஞ்சை எங்கடை அம்மா கதைக்கிறா."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அவள் திரும்பி வந்து உட்காரும்வரை பார்த்திருந்து, நான் ஊசியைக் கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.